தொந்தரவு எதுவும் இல்லை

அரண் மாத்திரைக்குள் மணல் அளவில் ஒரு துகள் இருந்தது. வயிற்றின் அமிலம் பட்டதும் அது விழித்துக்கொண்டு, தொப்புளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பட்டைக்கு ஒரு துடிப்பை அனுப்பும். பட்டை கைபேசிக்குச் சொல்லும். கைபேசி திருச்சியில் இருந்த மருந்துக் காப்பு ஆணையத்துக்குச் சொல்லும்: இன்னார் இன்றைய மாத்திரையை விழுங்கிவிட்டார். விழுங்காவிட்டால் அதையும் சொல்லும்.

இந்த ஏற்பாட்டை யோசித்துக் கொடுத்தவள் அந்த ஆணையத்தில் வேலை பார்த்த டாக்டர் பவித்ரா. அவள் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் பழைய ஆன்டிபயாடிக்குகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டிருந்தன. சளிக்கும் இருமலுக்கும் கடையில் கேட்டு வாங்கிப் போட்டார்கள். காய்ச்சல் விட்டதும் மீதி மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்த காய்ச்சலுக்கு அதையே எடுத்தார்கள். கோழித் தீவனத்தில்கூடக் கலந்தார்கள். பாதி அடிபட்டுப் பிழைத்த கிருமிகள் மருந்துக்குப் பழகிக்கொண்டன. கடைசியில் பல் பிடுங்கியதற்கும் பிரசவத்துக்கும் ஆட்கள் செத்தார்கள். பிள்ளை பெற்ற களைப்பில் சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் அந்த வாரமே காய்ச்சலில் போவதை பவித்ரா வார்டில் நின்று பார்த்திருக்கிறாள்.

அப்புறம்தான் அரண் வந்தது. எல்லாக் கிருமிக்கும் கேட்டது. இதையும் இழந்துவிட்டால் அடுத்து ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே ஒரு விதி செய்தார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த நாட்கள் முழுவதும் அரண் சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்துகிறவருக்கு அடைப்பு. அதாவது ஐந்து ஆண்டுகளுக்கு எந்தக் கடையிலும் எந்த மருத்துவமனையிலும் அவர் பெயருக்கு அரண் கிடைக்காது. மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். தினமும் மாலையில் கைபேசி கேட்கும்: மருந்தால் ஏதாவது தொந்தரவு உண்டா? 'உண்டு' என்று அழுத்தினால் ஆணையத்தின் மருத்துவர் விசாரிப்பார். நிறுத்தலாம் என்று அவர் சொன்னால் அடைப்பு வராது.

காகிதத்தில் நியாயமான விதிதான். நடைமுறையில் மாத்திரை போடச் சோம்பியவர்களெல்லாம் வயிற்றுவலி என்று 'உண்டு' அழுத்த ஆரம்பித்தார்கள். விசாரிக்கும் மருத்துவர்கள் கண்டிப்பு காட்டினார்கள்; சொன்னது பொய் என்று பட்டால் அதற்கும் அடைப்புதான். கண்டிப்பாக இருக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியதும் பவித்ராதான்.

அவள் கணவன் இன்பராஜ் தில்லைநகரில் செயற்கைப் பல் செய்யும் ஆய்வகம் வைத்திருந்தான். எல்லாவற்றையும் இயந்திரங்கள் வார்த்துக் கொடுத்தாலும் பல்லின் நிறத்தை அவன்தான் பொருத்துவான். பக்கத்துப் பல்லின் மஞ்சள், ஈறோரத்துச் சாம்பல், நுனியின் கண்ணாடித் தன்மை எல்லாவற்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துத் தீட்டுவான். கூட்டாளி லூர்துராஜ். இருவரும் ஒன்றாகப் படித்து, ஒன்றாகத் தொழில் தொடங்கியவர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லூர்துராஜ் வீட்டுக்கு வந்தார். இடது காலில் பெரிய கட்டு. நாற்காலியில் உட்காரவே சிரமப்பட்டார்.

"தங்கச்சி, உன்கிட்ட ஒரு உதவி கேட்டு வந்திருக்கேன். எனக்கு அடைப்பு போட்டிருக்காங்க."

"எப்ப அண்ணே?"

"போன வருஷம் நெஞ்சுச் சளிக்கு அரண் சாப்பிட்டேன்ல. வயித்தால போய்ப் போய் எழுந்திரிக்கவே முடியல. பாத்ரூம்லயே விழுந்துட்டேன். அப்புறம் எங்க மாத்திரை போடறது? விட்டுட்டேன்."

"விடறதுக்கு முன்னாடி 'உண்டு'ன்னு அழுத்தியிருக்கணும். டாக்டர் பாத்து நிறுத்தச் சொல்லியிருந்தா அடைப்பு வந்திருக்காது. நீங்களா நிறுத்திட்டு அப்புறம்தான் அழுத்தியிருப்பீங்க."

"விழுந்து கெடக்கறவன் போனைத் தேடுவானா தங்கச்சி?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "இப்ப கால்ல புண்ணு. சர்க்கரை வேற. டாக்டர் அரண் எழுதறாரு, கடையில மிஷின் தர மாட்டேங்குது. நீ ஒரு வார்த்தை சொன்னா திறந்துடுவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

பவித்ரா அவர் கால் கட்டைப் பார்த்தாள். இன்பராஜ் சமையலறை வாசலில் காபி டம்ளர்களுடன் நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, உங்களுக்குத் திறந்துட்டு, புதுக்கோட்டையில இருக்கற யாரோ ஒருத்தருக்கு மாட்டேன்னு நான் எந்த முகத்தோட சொல்லுவேன்? மேல்முறையீடு எழுதிக் குடுங்க. நானே கையோட சேர்த்துடறேன். குழு பாக்கும்."

"குழு எப்ப பாக்கும்?"

"வரிசைப்படி."

லூர்துராஜ் தலையாட்டினார். கோபப்படவில்லை. காபியைக் குடித்துவிட்டு, டம்ளரை அவரே எடுத்துப்போய் வைத்துவிட்டு, நொண்டியபடி இறங்கிப் போனார். குழு கூடுவதற்குள் அவர் காலை வெட்டி எடுத்தார்கள். காலை எடுத்த பிறகும் நஞ்சு நிற்கவில்லை. மேலப்புதூர் கல்லறையில் மண் போட்டுவிட்டு வந்த மாலை இன்பராஜ் மனைவியிடம் ஒன்றே ஒன்று சொன்னான்.

"உன்மேல அவனுக்கு வருத்தமில்ல. நேர்மையானவள்னுதான் கடைசி வரைக்கும் சொன்னான்."

அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் எடுக்கவும் விடவில்லை. தன் முடிவு சரி என்பதில் பவித்ராவுக்கு அப்போது சந்தேகமே வந்ததில்லை. மனசு கனத்தது. ஆனால் நியாயமாக இருப்பதென்றால் மனசு கனக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த கோடையில் இன்பராஜின் உள்ளங்கையில் ஒரு கம்பி குத்தியது. கை வீங்கி, சிவப்பு முழங்கை நோக்கி ஏறியது. மருத்துவர் அரண் எழுதினார். இரண்டே நாளில் வீக்கம் வடிந்தது. மருந்து அப்படித்தான் வேலை செய்யும்.

அந்தச் சமயத்தில் பவித்ரா வீட்டில் இருந்த நேரமே குறைவு. அரண் வந்து பத்தாண்டு நிறைவு விழா. பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள், இதே ஏற்பாட்டைத் தங்கள் ஊரிலும் கொண்டுவருவதற்காக. கிருமிகள் அரணுக்கு இன்னும் பழகவில்லை என்பது ஒரு சாதனை. அதைவிடப் பெரிய சாதனை என்று எல்லோரும் பேசியது வேறொன்று. இத்தனை கோடிப் பேர் சாப்பிட்ட மருந்தால் தொந்தரவு என்று சொன்னவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்து, இப்போது ஏறக்குறைய இல்லை என்றே ஆகியிருந்தது. மனிதன் செய்த மருந்துகளிலேயே பாதுகாப்பானது அரண் என்று பத்திரிகைகள் எழுதின.

விழாவன்று காலை பவித்ரா கிளம்பும்போது இன்பராஜ் கூடத்தில் கருப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தான். உதடு வறண்டு வெடித்திருந்தது.

"என்னங்க, கண்ணாடி?"

"வெயில் கூசுது. மெட்ராஸ் ஐ போல."

"காய்ச்சல் அடிக்குதா?"

"லேசா. நீ கிளம்பு, நேரமாகுது."

"மாத்திரை போட்டீங்களா?"

அவன் பதில் சொல்லாமல் மாத்திரையை எடுத்து அவள் பார்க்கவே வாயில் போட்டான். தண்ணீர் குடித்தபோது முகம் ஒரு கணம் சுருங்கியது. கொஞ்சம் தண்ணீர் மோவாயில் வழிந்தது. மருத்துவர் ஒருத்தி கவனித்திருக்க வேண்டிய விஷயம். பவித்ரா கைப்பையில் உரையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவள் பேசி முடித்து இறங்கியபோது மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்திருந்தது. ஆய்வகத்துக்குப் போயிருந்த இன்பராஜை அங்கே வேலை செய்கிறவர்கள் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள், தீக்காயப் பிரிவில்.

"தீக்காயமா? எங்க தீப்பிடிச்சது?" என்று கேட்டுக்கொண்டே ஓடினாள். எங்கேயும் தீப்பிடிக்கவில்லை. அவன் மார்பிலும் முதுகிலும் தோல் கொப்பளித்து, வெந்தது போல உரிந்துகொண்டிருந்தது. வாய்க்குள் முழுக்கப் புண். இமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட நோயாளிகளைத் தீக்காயப் பிரிவில்தான் வைத்துப் பார்க்க முடியும்.

பிரிவின் மருத்துவர் ஷர்மிளா பானு அவளை வெளியே தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனாள்.

"மருந்து ஒவ்வாமை மேடம். கடுமையான வகை. பல நாளாவே கண் எரிஞ்சிருக்கு, வாய்ப்புண் இருந்திருக்கு. எல்லாத்தையும் மறைச்சுட்டு மாத்திரையையும் தொடர்ந்து போட்டிருக்கார். கண் எரிஞ்ச அன்னைக்கே நிறுத்தியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

"வேற என்ன மருந்து சாப்பிட்டார்?"

"வேற எதுவுமே இல்ல. அரண்தான்."

"அரணுக்கு இது வராது ஷர்மிளா. பத்து வருஷத் தகவல் இருக்கு."

ஷர்மிளா திரும்பினாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கை காட்டினாள். "அந்தக் கடைசிக் கட்டில்ல இருக்கற பொண்ணுக்கும் அரண்தான் மேடம். போன மாசம் ஒரு வாத்தியார் இறந்து போனார், அவருக்கும் அரண்தான்."

"அப்ப ஏன் நீங்க எழுதல?"

"எழுதறோம். நோயாளி தினமும் 'இல்லை'ன்னு அழுத்தியிருக்கார், உங்க அறிக்கை அதோட பொருந்தலன்னு திரும்பி வந்துடுது. காரணம் தெரியலன்னு மாத்திப் போட்டா ஏத்துக்கறாங்க." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க ஆபீஸ்லருந்துதான் மேடம் திரும்பி வருது."

இன்பராஜ் பிழைத்தான். பேச முடிகிற அளவுக்கு வாய் ஆறியபோது பவித்ரா அவன் அருகில் உட்கார்ந்து கேட்டாள்.

"என்கிட்டயுமா சொல்லக் கூடாது? ஒரே வீட்டுலதானே இருக்கோம்?"

அவன் கண்களின் மேல் களிம்பு பூசிய பஞ்சு இருந்தது. முகத்தை அவள் குரல் வந்த பக்கம் திருப்பினான்.

"சொன்னா நீ என்ன செஞ்சிருப்ப பவி?"

"நிறுத்தச் சொல்லியிருப்பேன்."

"அடைப்பு?"

"வராம பாத்திருப்பேன்."

"அதான். லூர்துக்குப் பாக்கல, எனக்குப் பாத்தன்னு ஆயிருக்கும். அப்புறம் நீ எப்படி அந்த நாற்காலியில உக்காருவ? இல்ல, எனக்கும் விதிப்படி அடைப்பு போட்டிருப்ப. அப்ப எப்படி என் பக்கத்துல படுப்ப?" மூச்சு வாங்கியது அவனுக்கு. "ரெண்டும் வேணாம்னுதான். இன்னும் கொஞ்ச நாள்தானே, முடிச்சுடலாம்னு நெனச்சேன்."

பவித்ராவால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து போகவும் முடியவில்லை.

மறுநாள் அவள் அலுவலகத்துக்குப் போய், ஒட்டுப்பட்டைகள் அனுப்பிய உடல் வெப்பத் தகவலை எடுத்தாள். பட்டை அதையும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. யாரும் அதைப் பார்த்ததில்லை. மருந்து கேட்டு, காய்ச்சல் விட்டு, பிறகு பாதியில் மறுபடி காய்ச்சல் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று தேடினாள். திரை நிறைந்து வழிந்தது. அவர்களில் பெரும்பாலோர் அன்று மாலையே 'தொந்தரவு எதுவும் இல்லை' என்று அழுத்தியிருந்தார்கள்.

ஒவ்வொருவரையாகக் கூப்பிட ஆரம்பித்தாள். முதலில் கிடைத்தது துறையூரில் தையற்கடை வைத்திருக்கும் ஒரு பெண்.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க மேடம். மாத்திரையெல்லாம் சரியா முடிச்சுட்டேன். நல்லாத்தான் இருக்கேன்."

"என் வீட்டுக்காரருக்கும் அரண் ஒத்துக்கலம்மா. ஆஸ்பத்திரியில இருக்கார். உங்களுக்கு எதுவும் பண்ண மாட்டேன். சும்மா சொல்லுங்க."

மறுமுனையில் தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது.

"காது ரெண்டும் இரைஞ்சுட்டே இருக்குங்க," என்றாள் அந்தப் பெண். "ரெண்டு வருஷமா. புள்ள கூப்புடறது கேக்கறதில்ல. அடைப்பு போட்டுட்டா நாளைக்கு அவனுக்கு ஒண்ணுன்னா, குடும்பத்துக்கே மருந்து இல்லன்னு சொன்னாங்க. அதான் சொல்லல."

அடைப்பு ஒருவருக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. அப்படி ஒரு விதியே கிடையாது. ஆனால் ஊர் அதை நம்பியிருந்தது. அன்றைக்குப் பேசிய எல்லோரிடமிருந்தும் பவித்ரா ஏதோ ஒரு வடிவத்தில் இதையே கேட்டாள். மூட்டுவலி, நிற்காத பேதி, மஞ்சள் காமாலை, தோல் தடிப்பு. உலகிலேயே பாதுகாப்பான மருந்து எப்படி உருவானது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மருந்து மாறவே இல்லை. ஆட்கள் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆணையத்தின் இயக்குநர் சந்தானகிருஷ்ணன் கெட்டவர் அல்ல. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அடைப்பை எடுத்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும் பவித்ரா. நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க."

"தெரியும் சார். கொஞ்சம் பேர் பாதியில விடுவாங்க. கிருமி பழகும். இப்ப இல்லன்னாலும் ஒருநாள் அரண் கேக்காம போகும்."

"அப்புறம்?"

"இப்ப நம்மகிட்ட இருக்கறது மருந்து இல்ல சார். அது யாருக்கு என்ன பண்ணுதுன்னே நமக்குத் தெரியல. தொந்தரவுன்னு சொல்றவங்களுக்கு அடைப்பே கிடையாதுன்னு அறிவிச்சுடுவோம். பொய் சொன்னாலும் கிடையாது. அந்தப் பொய்யைத் தாங்கிக்கலாம். இந்த அமைதியைத் தாங்க முடியாது."

விதி மாறியது. எளிதில் மாறவில்லை. மாறுவதற்குள் இன்பராஜ் வீடு திரும்பி, ஆய்வகத்தைக் கைமாற்றிவிட்டான். வலது கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிந்தன. முகத்திலும் கழுத்திலும் தோல் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது பவித்ரா எதிர்பாராதது. கைபேசிகள் வழியே தொந்தரவுகள் வெள்ளமாக வந்து குவிந்தன. பத்தாண்டாகச் சேர்ந்திருந்த உண்மை ஒரே மாதத்தில் வெளியே வந்தது. ஆனால் செய்தி பார்த்தவர்களுக்கு அது அப்படித் தெரியவில்லை. நேற்றுவரை ஒன்றும் செய்யாத மருந்து திடீரென்று விஷமாகிவிட்டது என்றுதான் தெரிந்தது. மாத்திரையில் எதையோ கலந்துவிட்டார்கள் என்றார்கள். அரண் எழுதிய மருத்துவர்களிடம் சண்டைக்குப் போனார்கள். தொந்தரவு வருகிறதா என்று கவனித்துச் சாப்பிட்டால் ஆயிரம் பேரில் பெரும்பாலோரைக் காப்பாற்றுகிற மருந்து கடைகளில் தூசி படிந்து கிடந்தது. நுரையீரல் காய்ச்சலில் மறுபடி குழந்தைகள் சாக ஆரம்பித்தார்கள்.

பவித்ரா ஆணையத்து வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராக மருத்துவ முகாம்களுக்குப் போகத் தொடங்கினாள். இன்பராஜும் கூடப் போனான். வேண்டாம் என்று அவள் முதலில் தடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தால் யார் மருந்து சாப்பிடுவார்கள்?

"வீட்டுல தனியா உக்காந்து என்ன பண்றது? கூட்டிட்டுப் போ," என்றான்.

புள்ளம்பாடிப் பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமுக்கு அழகுமீனாள் என்ற பெண் தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். குழந்தைக்கு மூன்று வயதிருக்கும். விலா உள்ளிழுக்க மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பவித்ரா மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு அரண் என்று சொன்னதும் அழகுமீனாள் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அந்த மருந்து வேணாங்க. வேற எதாவது குடுங்க."

"வேற எதுவும் இதுக்குக் கேக்காதும்மா. இப்ப ஆரம்பிக்கலன்னா நாளைக்கு ரொம்பக் கஷ்டமாயிடும்."

அழகுமீனாளின் பார்வை பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்பராஜின் மேல் போனது.

"அந்த அண்ணனுக்கு என்ன ஆச்சு?"

பவித்ரா தயங்கினாள். இன்பராஜ் தானே பதில் சொன்னான்.

"அரண் சாப்பிட்டேன்மா. எனக்கு ஒத்துக்கல."

"கேட்டீங்களா! அப்புறம் எதுக்கு என் புள்ளைக்குக் குடுக்கச் சொல்றீங்க?"

"எனக்கு முதல்ல கண்ணுதான் எரிஞ்சுது. அப்புறம் வாயில புண்ணு. அப்பவே நிறுத்தியிருந்தா கண்ணு மிஞ்சியிருக்கும். நான் யார்கிட்டயும் சொல்லாம முழுங்கிட்டே இருந்தேன். தப்பு என்னோடதுதான்."

"இல்லம்மா," என்றாள் பவித்ரா. குரல் அவளுக்கே வேறு யாருடையது போலக் கேட்டது. "சொன்னா தண்டனைன்னு விதி போட்டது நான். இவர் என் வீட்டுக்காரர். என்கிட்ட சொல்லப் பயந்துதான் சொல்லல. இவர் கூட்டாளி ஒருத்தர் சொன்னார். அவருக்கு நான் மருந்து தரல. அவர் இப்ப இல்ல."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்பராஜ் தலையைக் குனிந்துகொண்டான். லூர்துராஜைப் பற்றி அவள் வாய்விட்டுச் சொல்வதை அவன் கேட்பது அதுதான் முதல் முறை.

அழகுமீனாள் கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். குழந்தை முனகியது.

"எதெல்லாம் பாக்கணும்?" என்றாள்.

பவித்ரா நிதானமாகச் சொன்னாள். குழந்தைகளுக்கான அரண் கரைசலில், எடைக்கு அளந்து கொடுத்த அளவுக்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம், குறையவும் வேண்டாம். சாப்பிட்ட பிறகு கொடுக்க வேண்டும். மூச்சு சரியானதும் நிறுத்திவிடக் கூடாது. மீந்தால் இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. லேசாக வயிறு இளகினால் பயப்பட வேண்டாம், கஞ்சியும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரும் கொடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். உடம்பில் தடிப்போ, வாயில் புண்ணோ, கண் சிவப்போ, முகத்தில் வீக்கமோ, மலத்தில் ரத்தமோ வந்தால் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே கூப்பிட வேண்டும்.

"எந்த நேரமா இருந்தாலும் கூப்பிடு. சின்ன விஷயமா இருந்தாலும் கூப்பிடு. சொன்னா அடைப்பெல்லாம் இப்ப கிடையாது. யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அழகுமீனாள் நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. முதல் வேளை மருந்தை அங்கேயே கொடுத்தாள். குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கியது. குழந்தையைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து, பவித்ராவும் இன்பராஜும் காலைப் பேருந்துக்காக லால்குடி நிறுத்தத்தில் காத்திருந்தபோது கைபேசி அடித்தது.

"டாக்டருங்களா? புள்ளம்பாடி அழகுமீனா பேசறேன். பாப்பாவுக்கு மூச்சு பரவாயில்ல. ஆனா..." குரல் தயங்கியது. "சொல்லலாமான்னு தெரியல. ஒருவேளை ஒண்ணுமே இல்லாமகூட இருக்கலாம்."

வந்து நின்ற பேருந்தில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். இன்பராஜ் சத்தம் வந்த பக்கம் ஓர் அடி வைத்தான். பவித்ரா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பரவாயில்லம்மா," என்றாள் கைபேசியில். "எனக்கு ஒரு அவசரமும் இல்ல. என்ன பண்ணுதுன்னு முழுசா சொல்லு."

பேருந்து கிளம்பிப் போனது. நிறுத்தத்தின் சிமெண்ட் பெஞ்சில் அவனை உட்கார வைத்துவிட்டு, அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.